பேசாத நிமிடங்களின் பணம்

நுகர்வோர் நலனுக்காக உழைக்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்



இணையவழி அழைப்புச் சேவைகளில் முன்கூட்டியே பணம் கட்டி வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள், அச்சேவை தன் விற்பனை முறையை மாற்றும்போதோ முற்றிலும் மூடப்படும்போதோ, கணக்கில் எஞ்சியிருக்கும் தொகையைச் செலவிடவும் முடியாமல் திரும்பப் பெறவும் முடியாமல் இழந்துவிடும் நிலை பல நாடுகளில் தொடர்ந்து நேர்ந்து வருகிறது. ஒவ்வொருவரும் இழப்பது பெரும்பாலும் சிறுதொகை என்பதாலேயே இவ்விழப்பு எந்த மன்றத்தையும் எட்டுவதில்லை. தனிமனிதர் வழக்காட முன்வராத இத்தகைய இடங்களில்தான் அமைப்புகளின் பணி இன்றியமையாததாகிறது என்பதால் இம்மடல் தங்களுக்கு எழுதப்படுகிறது. இதன் மையக் கருத்து ஒன்றே: இன்னும் பேசப்படாத நிமிடங்களுக்காகக் கட்டப்பட்ட பணம் நிறுவனம் ஈட்டிய வருமானம் அன்று, அது வாடிக்கையாளரின் பணம், சேவையின் வடிவம் நிறுவனத்தின் முடிவால் மாறும்போது அது பணமாகவே திரும்பி வரவேண்டும்.

இச்சிக்கலைப் புரிந்துகொள்ள, முன்பணம் பெறும் வழக்கம் எதனால் தோன்றியது என்பதை முதலில் காண வேண்டும். இணையவழி அழைப்பு என்பது பேசுபவரின் குரலைச் சிறுசிறு எண்முறைத் துண்டுகளாக்கி இணையத்தின் வழியே அனுப்பி, மறுமுனையில் மீண்டும் குரலாகச் சேர்த்துக் கேட்கச் செய்யும் முறை. இரு முனைகளிலும் ஒரே செயலி இருக்குமானால், வேறு எந்தத் தொலைபேசி நிறுவனத்திற்கும் நிமிடக் கணக்கில் பணம் தரவேண்டிய தேவை எழாததால், அவ்வழைப்பு இலவசமாகவே தரப்படுகிறது. மறுமுனையில் இருப்பது சாதாரணத் தொலைபேசி எண்ணாகவோ கைபேசி எண்ணாகவோ இருந்தால், அழைப்பு இணையத்திலிருந்து விலகி அந்நாட்டுத் தொலைபேசி வலையமைப்புக்குள் நுழைந்தாக வேண்டும். அவ்வாறு நுழையும் அழைப்பைக் கொண்டுசேர்ப்பதற்காக அந்த வலையமைப்பை நடத்தும் நிறுவனம் பெறும் தொகை 'முடிப்புக் கட்டணம்' எனப்படுகிறது. இந்தச் செலவை முன்னதாகவே வசூலித்துக்கொள்வதற்காக, வாடிக்கையாளரிடம் ஒரு தொகையை மொத்தமாகப் பெற்று, அவர் பேசப் பேச அதிலிருந்து கழித்துக்கொள்ளும் ஏற்பாடு உருவாயிற்று. அவ்வாறு எஞ்சி நிற்கும் தொகையே 'கிரெடிட்' என்றும் 'பேலன்ஸ்' என்றும் பேச்சு வழக்கில் குறிக்கப்படுகிறது. இம்மடலில் அது 'முன்பண இருப்பு' என்று சுட்டப்படும்.

இம்முறையை உலகெங்கும் பரப்பிய சேவை ஸ்கைப். ஸ்வீடனைச் சேர்ந்த நிக்லாஸ் சென்ஸ்ட்ராமும் டென்மார்க்கைச் சேர்ந்த யானுஸ் ஃப்ரீஸும் தொடங்க, எஸ்டோனிய நிரலாளர்கள் உருவாக்கிய அம்மென்பொருள் 2003 ஆகஸ்டில் வெளிவந்தது. சாதாரணத் தொலைபேசி எண்களை அழைக்க உதவும் 'ஸ்கைப் அவுட்' என்னும் கட்டணச் சேவை 2004-இல் அதனுடன் சேர்ந்தது. அதுவரை, கடைகளில் விற்ற அழைப்பு அட்டைகளை வாங்கி, அதில் மறைத்து அச்சிடப்பட்ட எண்ணைச் சுரண்டிப் பார்த்து, நீண்ட இலக்கங்களை அழுத்தி ஊருக்குப் பேசிவந்த புலம்பெயர்ந்தோருக்கு, குறைந்த கட்டணமும் தெளிவான கணக்கும் கொண்ட இம்முறை பெரும் விடுதலையாக அமைந்தது. வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் தமிழர்கள், கணினியோ திறன்பேசியோ இல்லாத தம் பெற்றோரின் வீட்டுத் தொலைபேசியை அழைக்கவும், ஊரிலுள்ள வங்கியையும் மருத்துவமனையையும் அரசு அலுவலகத்தையும் தொடர்புகொள்ளவும் இத்தகைய சேவைகளையே நம்பினர். செயலி வழி அழைப்பு எவ்வளவு பரவினாலும், எண்ணை மட்டுமே வைத்திருக்கும் அலுவலகத்தை எண்ணின் வழியாகத்தானே அழைக்க முடியும்?

பின்னர் இச்சந்தையின் அடித்தளமே மாறியது. வாட்ஸ்அப் 2015-இல் குரல் அழைப்பைச் சேர்த்த பிறகு, நிமிடத்திற்குப் பணம் தந்து பேசுவதற்கான தேவை பெருமளவு குறைந்தது. எண்களை அழைப்போர் அருகிய நிலையில், அவரவர் இருப்பிலிருந்து நிமிடக் கணக்கில் கழிப்பதைவிட, மாதந்தோறும் ஒரே தொகையை வசூலிக்கும் சந்தா முறை நிறுவனங்களுக்கு நிலையான வருவாயாகத் தோன்றியது. ஸ்கைப்பை 2011-இல் 850 கோடி டாலருக்கு வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2024 டிசம்பரில் முன்பண இருப்பை விற்பதை நிறுத்திச் சந்தாவை முன்னிறுத்தியது. 2025 பிப்ரவரி 28 அன்று ஸ்கைப்பையே மூடப்போவதாக அறிவித்து, அதே ஆண்டு மே 5 அன்று மூடியது. ஏற்கெனவே பணம் கட்டியிருந்தோர் எஞ்சிய இருப்பைத் தன் மற்றொரு செயலியான டீம்ஸிலும் ஸ்கைப் இணையதளத்திலும் இருந்த எண்பலகையின் வழியாகச் செலவிடலாம் என்று அந்நிறுவனம் இடம் தந்தது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும்.

ஆயினும், இருப்பை அழிக்காமல் விட்டுவைப்பதும் அதைப் பயன்தரும் நிலையில் வைத்திருப்பதும் ஒன்றல்ல. ஒரு சேவைக்காகக் கட்டிய பணத்தைச் செலவிட வேறொரு செயலிக்குச் செல்ல வேண்டும் என்னும்போது, பழைய மின்னஞ்சல் முகவரியையோ கடவுச்சொல்லையோ மறந்தவர், புதிய செயலியை ஏற்காத பழைய கருவியை வைத்திருப்பவர், அறிவிப்பைப் படிக்க இயலாத முதியவர் ஆகியோர் வழியிலேயே நின்றுவிடுகிறார்கள். மேலும், இருப்பைக் கூட்டிக்கொள்ளும் வசதி நிறுத்தப்பட்டுவிட்டால், ஓர் அழைப்புக்குப் போதாத கடைசிச் சில்லறை யாருக்கும் பயன்படாத தொகையாக உறைந்துவிடுகிறது. ஒருவரிடம் அது சில ரூபாயாக இருக்கலாம். பல இலட்சம் கணக்குகளை ஒன்றாகக் கூட்டினால் அது சிறுதொகை ஆகாது.

முன்பண இருப்பு வாடிக்கையாளரின் கையைவிட்டு நழுவும் வழிகள் பல. பயன்படுத்தாமல் இருந்த காலத்தைக் காரணம் காட்டி இருப்பை முடக்குவது அவற்றுள் ஒன்று. ஸ்கைப்பில் 180 நாட்கள் அழைப்பு எதுவும் செய்யப்படாவிட்டால் இருப்பு செயலற்றதாகக் குறிக்கப்பட்டு, வாடிக்கையாளர் தானே கணக்கில் நுழைந்து அதை மீட்டெடுக்க வேண்டியிருந்தது. பணம் கட்டிய பிறகு சேவையின் எல்லையைச் சுருக்குவது இன்னொன்று. இந்தியாவுக்குள்ளிருந்து இந்தியாவின் கைபேசிகளையும் தரைவழித் தொலைபேசிகளையும் அழைக்கும் வசதியை ஸ்கைப் 2014 நவம்பர் 10 முதல் நிறுத்தியபோது, அதற்காகவே பணம் கட்டியிருந்தோரின் இருப்பு அவர்களது நோக்கத்திற்கு உதவாததாயிற்று. அரசின் ஆணையால் சேவை தடைபடுவது மூன்றாவது வழி. ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் பெறாத சேவை என்னும் காரணத்தால் ஸ்கைப் முடக்கப்பட்டபோது, அங்கே பணிபுரியும் தொழிலாளரின் கணக்கிலிருந்த பணம் அங்கிருந்தபடி பயன்படுத்த முடியாத பணமாயிற்று. முன்பண முறையை விடுத்துச் சந்தா முறைக்கு மாறி, பழைய இருப்பைப் புதிய சந்தாவில் கழிக்க மறுப்பது நான்காவது. நிறுவனமே மூடப்படுவது ஐந்தாவது; நொடித்துப்போன நிறுவனமாயின், பிணையம் ஏதுமின்றிக் கடன் கொடுத்தோரின் வரிசையில் வாடிக்கையாளர் கடைசியில் நிற்க நேரிடும்.

இப்பணம் யாருடையது என்னும் வினாவுக்குக் கணக்கியலே ஒரு தெளிவான விடையைத் தருகிறது. முன்கூட்டிப் பெறப்பட்ட தொகையை, சேவையை வழங்கி முடிக்கும்வரை வருமானமாகக் காட்டக்கூடாது. அதை வாடிக்கையாளருக்கு நிறைவேற்ற வேண்டிய பொறுப்பாகவே கணக்கேட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது, 2018-இல் நடைமுறைக்கு வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். 15 என்னும் பன்னாட்டுக் கணக்கு நெறியும் அதையொட்டி இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள இண்ட் ஏ.எஸ். 115 என்னும் நெறியும் கூறும் அடிப்படை. அதே நெறிகள், வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் தம் உரிமையைக் கடைசிவரை பயன்படுத்தாமலே விட்டுவிடுவார்கள் என்று நம்பத்தக்க வகையில் மதிப்பிட முடிந்தால், அந்தப் பகுதியைப் படிப்படியாக வருமானமாகச் சேர்த்துக்கொள்ளவும் நிறுவனங்களுக்கு இடம் தருகின்றன. கணக்காளர்கள் 'பிரேக்கேஜ்' என்றழைக்கும் இந்தப் பயன்படுத்தப்படாத பகுதி கூடக்கூட நிறுவனத்தின் இலாபம் கூடும். ஆகவே, வாடிக்கையாளர் மறந்துபோவதில் நிறுவனத்திற்கு நலன் இருக்கிறது. நினைவூட்டும் கடமையைச் சட்டத்தால் சுமத்தாமல், அதை நிறுவனத்தின் நல்லெண்ணத்திற்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

நிறுவனங்கள் இதற்கு எதிராக வழக்கமாக முன்வைக்கும் வாதம், பணம் கட்டும்போது 'திருப்பித் தரப்படாது' என்னும் நிபந்தனையை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார் என்பது. வாடிக்கையாளர் மனம் மாறிப் பணத்தைக் கேட்கும்போது இந்நிபந்தனை ஒருவாறு பொருந்தலாம். ஒப்பந்தத்தின் பொருளையே நிறுவனம் மாற்றிவிட்ட பிறகு அதே நிபந்தனையைக் காட்டுவது முறையாகாது. வீட்டை வாடகைக்கு விட்ட உரிமையாளர், அதைக் கடையாக மாற்றப்போவதாகச் சொல்லிக் குடியிருப்பவரை வெளியேறச் சொன்னால், கையில் வாங்கிய அட்வான்ஸைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்பதை எவரும் மறுக்க மாட்டார். சிறுதொகைகளைத் திருப்பி அனுப்புவதற்கு ஆகும் செலவு தொகையைவிட மிகும் என்னும் வாதமும் உண்டு. பணத்தைப் பெறும்போது அட்டையின் வழியாகவும் வங்கிக் கணக்கின் வழியாகவும் எளிதாகப் பெற்ற நிறுவனம், அதே வழியில் திருப்பி அனுப்ப முடியும் என்பதும், பரிசாகத் தரப்பட்ட இலவச நிமிடங்களைத் தவிர்த்துக் கட்டிய பணத்தை மட்டும் தனியே கணக்கிடுவது அதன் பதிவேடுகளுக்கு அரிதன்று என்பதும் இதற்குப் பதிலாகும்.

திருப்பித் தருவது நடைமுறையில் இயலும் என்பதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. கிஸ்மோ5 என்னும் இணைய அழைப்புச் சேவையை 2009-இல் வாங்கிய கூகுள், அதை 2011 ஏப்ரலில் மூடியபோது, எஞ்சிய இருப்பைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கும் வழியை வாடிக்கையாளர்களுக்குத் திறந்துவைத்தது. ஜெர்மனியில், காலக்கெடு முடிந்ததும் தொலைபேசி அட்டையில் எஞ்சிய தொகை ஈடு ஏதுமின்றி அழிந்துவிடும் என்னும் நிபந்தனை செல்லாது என்று அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம் 2001-இலேயே தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இயற்றிய மின்னணுத் தகவல்தொடர்பு நெறித்தொகுப்பு, முன்கட்டண வாடிக்கையாளர் ஒரு நிறுவனத்தைவிட்டு வேறொன்றுக்கு மாறும்போது, அவர் கேட்டால் எஞ்சிய இருப்பைத் திருப்பித் தரவேண்டும் என்று விதித்தது. இணைய அழைப்பு வெறும் மென்பொருள்தான், தொலைபேசிச் சேவை அன்று என்று நிறுவனங்கள் விலகிக்கொள்வதற்கும் அங்கே இடம் குறைந்துவிட்டது. பெல்ஜியத்தின் ஒழுங்குமுறை அமைப்போடு ஸ்கைப் நடத்திய வழக்கில், சாதாரண எண்களை அழைக்க உதவும் ஸ்கைப் அவுட் ஒரு மின்னணுத் தகவல்தொடர்புச் சேவையே என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 ஜூன் 5 அன்று தீர்ப்பளித்தது. இவற்றுக்கு நேர்மாறாக, அமெரிக்காவில் பரிசு அட்டைகளுக்குக் குறைந்தது 5 ஆண்டு ஆயுள் தரும் கூட்டாட்சி விதிகள், தொலைபேசிச் சேவைக்கு மட்டுமே பயன்படும் அட்டைகளை விலக்கிவைத்திருக்கின்றன. பாதுகாப்பு மிகுதியாகத் தேவைப்படும் இடத்திலேயே ஓட்டை விடப்பட்டிருக்கிறது.

இந்தியாவின் நிலையும் இத்தகைய ஓர் இடைவெளியையே காட்டுகிறது. கைபேசி நிறுவனங்கள் விற்கும் 'டாப்-அப்' தொகைக்குக் காலக்கெடு விதிக்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆனால் அவை உரிமம் பெற்ற கைபேசி நிறுவனங்களை நோக்கி எழுதப்பட்டவை. முன்கட்டணக் கருவிகள், அதாவது பணத்தை ஏற்றிவைத்துப் பின்னர் செலவிட உதவும் வாலட், அட்டை முதலியவை, ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் வருகின்றன. அவற்றுக்குக் குறைந்தது ஓர் ஆண்டு ஆயுள் வேண்டும், முடிவதற்கு முந்தைய 45 நாட்களில் வாடிக்கையாளரை எச்சரிக்க வேண்டும், காலாவதியான பிறகும் குறைந்தது 3 ஆண்டுகள்வரை எஞ்சிய தொகையை வங்கியல்லாத நிறுவனங்கள் தம் இலாப நட்டக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்னும் விதிகள் இருக்கின்றன. ஆனால், ஒரு நிறுவனம் தன் சொந்தச் சேவைக்கு மட்டுமே பயன்படும்படி விற்கும் இருப்பு 'மூடிய வகை' எனப்பட்டு, இந்த ஒழுங்குமுறைக்கு வெளியே நிற்கிறது. இணைய அழைப்புக்கான முன்பண இருப்பு மூடிய வகையைச் சேர்ந்தது. ஆகவே தொலைபேசிப் பணத்தைக் காக்கும் விதியும் வாலட் பணத்தைக் காக்கும் விதியும் அதற்குக் கைகொடுப்பதில்லை.

எஞ்சியிருக்கும் வலுவான துணை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நியாயமான காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள இடம் தந்து, அதனால் நுகர்வோரின் உரிமையைப் பெரிதும் பாதிக்கும் நிபந்தனையை அது 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்னும் வகைக்குள் கொண்டுவருகிறது. அத்தகைய நிபந்தனை செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில நுகர்வோர் ஆணையத்திற்கு உண்டு. வாடிக்கையாளர் தாம் வாழும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். 5 இலட்சம் ரூபாய் வரையிலான முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. ஒரே நலன் கொண்ட பலருக்காக ஆணையத்தின் அனுமதியுடன் ஒருவரோ சிலரோ முறையிடலாம். பதிவுபெற்ற தன்னார்வ நுகர்வோர் அமைப்பும் முறையீட்டாளர் ஆகலாம். இந்தியாவில் நிறுவப்படாமல் வெளிநாட்டிலிருந்தபடியே இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து சேவை விற்கும் மின்வணிக நிறுவனங்களுக்கும் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் பொருந்தும். சட்டத்தில் கதவு இருக்கிறது என்பதையும், அதைத் தனியொருவர் தட்டுவதைவிட அமைப்புகள் தட்டுவதே பயன்தரும் என்பதையும் இவை காட்டுகின்றன.

இவற்றின் அடிப்படையில், தங்கள் அமைப்புகள் ஒன்றுபட்டு வலியுறுத்த வேண்டிய கோரிக்கைகளாக இம்மடல் பின்வருவனவற்றை முன்வைக்கிறது. சேவையின் விற்பனை முறை மாறினாலோ, எல்லை சுருங்கினாலோ, சேவை மூடப்பட்டாலோ, வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல், கட்டப்பட்டு எஞ்சிய தொகை முழுவதையும் அது வந்த வழியிலேயே நிறுவனம் திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வழி அடைபட்டிருந்தால், வேறு வங்கிக் கணக்கைத் தெரிவிக்கக் குறைந்தது ஓர் ஆண்டு அவகாசம் தரவேண்டும். மாற்றத்தைப் பற்றிய அறிவிப்பு மின்னஞ்சலோடு நில்லாமல் குறுஞ்செய்தியாகவும் செயலிக்குள்ளும், வாடிக்கையாளர் தெரிந்தெடுத்த மொழியில், எஞ்சிய தொகையைக் குறிப்பிட்டு அனுப்பப்பட வேண்டும். பயன்படுத்தவில்லை என்னும் காரணத்தால் மட்டும் கட்டிய பணம் அழியக்கூடாது. ஒரே நிறுவனத்திடம் மட்டும் செல்லும் மூடிய வகை இருப்புக்கும், எச்சரிக்கை, காத்திருப்புக் காலம் ஆகியவற்றில் வாலட்டுக்கு இணையான பாதுகாப்பை ரிசர்வ் வங்கி தரவேண்டும். யாரும் கேட்டு வராத தொகை, உரிய காலம் கழிந்த பின் நிறுவனத்தின் இலாபத்தில் சேராமல் நுகர்வோர் நலநிதியில் சேர்க்கப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகள் நிறைவேறுவதற்கு முன்னரே தொடங்கக்கூடிய பணிகளும் உள்ளன. பணம் இழந்தோரிடமிருந்து கட்டண இரசீது, மூடல் அறிவிப்பு, எஞ்சிய இருப்பைக் காட்டும் திரைப்பதிவு ஆகியவற்றைத் திரட்டி, மாவட்டந்தோறும் தனித்தனியே சிதறிக் கிடக்கும் சிறு இழப்புகளை ஒரே முறையீடாகத் தொகுப்பது தங்கள் கையில் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் இவ்வகைப் புகார்களைப் பதியுமாறு வாடிக்கையாளர்களுக்கு எடுத்துரைப்பதும், ஒரு முன்மாதிரி முறையீட்டைத் தமிழில் எழுதி எல்லோருக்கும் கிடைக்கச் செய்வதும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் முன் இதைக் கூட்டு நலன் சார்ந்த சிக்கலாக வைப்பதும் உடனே செய்யத்தக்கவை. புதிதாகப் பணம் கட்டுவோருக்கு, பெருந்தொகையை ஒரே முறையில் ஏற்றிவைக்காமல் அவ்வப்போது தேவையான அளவு மட்டும் கட்டுமாறு அறிவுறுத்துவதும் தங்கள் கூட்டங்களில் இடம்பெற வேண்டும்.

நிறுவனங்கள் தம் தொழில்முறையை மாற்றிக்கொள்ள உரிமை உடையவை. அம்மாற்றத்தின் செலவை வாடிக்கையாளரின் முன்பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமை அவற்றுக்கு இல்லை. குடும்பத்தைப் பிரிந்து தொலைவில் உழைப்போர் தம் சொந்தங்களோடு பேசுவதற்கென்று ஒதுக்கிய பணம் சிறிதாயினும் அது அவர்களுடையது என்னும் நிலைப்பாட்டைத் தங்கள் அமைப்புகள் வெளிப்படையாக எடுக்க வேண்டும் என்றும், முதல் கூட்டு முறையீட்டைக் காலந்தாழ்த்தாது பதிவு செய்ய வேண்டும் என்றும் இம்மடல் தங்களைக் கேட்டுக்கொள்கிறது.